வலிக்கலையாம்

கண்டிக்குப் போகிறேன் என்றதும் என் தங்கை, தலதா மாளிகையில் தனக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரச் சொன்னாள். போட்டேன். ஆனால் நான் போன காரியம் வேறு. ஜப்பானிலிருந்து வந்த ஓர் அம்மாள், முன்பு தொலைபேசியில் தன் காதில் விழுந்த ஒரு சொல்லின் கடைசியில் இருந்தது எந்த ஒலி என்று விசாரித்துச் சொல்ல என்னைக் கூட்டிப் போனார். சிரிக்க வேண்டாம். முதலில் நானும் சிரித்தவள்தான்.

சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் ஜப்பானிய மொழிபெயர்ப்பு செய்வது என் பிழைப்பு. போல்ட் ஏன் கழன்றது, பெயிண்ட் ஏன் உரிந்தது, யார் தப்பு என்று இரண்டு பக்கமும் கத்தும். நடுவில் நின்று அந்தக் கத்தலை மரியாதையான பேச்சாக மாற்றிக் கொடுப்பேன். இரண்டு பக்கமும் கோபம் குறைந்து கைகுலுக்கிக்கொள்வார்கள். எனக்கு மட்டும் தலைவலி மிஞ்சும். அப்படித் தெரிந்த ஒரு மேலாளர் மூலமாகத்தான் ஹராதா-சான் என்னைப் பிடித்தார். "-சான்" என்பது நம் "-ங்க" மாதிரி ஒரு மரியாதை ஒட்டு. அறுபதைத் தாண்டியவர், பள்ளிக்கூடத்தில் இசை சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர்.

கண்டிக்கு வந்து சேர்ந்த அன்று சாயங்காலம் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தோம். அங்கேதான் விஷயத்தைச் சொன்னார்.

அவருடைய அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. கடைசிக் காலம் முழுவதும் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் ஒரு சொல் கூடப் பேசாமல் கிடந்தார். மகள் இருந்தது பனி கொட்டும் வடக்கில். அம்மா இருந்தது தெற்கில். மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பார். அந்த இல்லத்தில் அம்மாவைக் கவனித்துக்கொண்டவள் இலங்கையிலிருந்து வேலைக்குப் போன சுகந்தி என்ற பெண். ஒருநாள் காலையில் அவள் தொலைபேசியில் கூப்பிட்டு, அம்மா மிகவும் தளர்ந்துவிட்டார், உடனே வாருங்கள் என்றாள். கூடவே, எங்கும் வலி இல்லை என்று ஒரு வாக்கியமும் சொன்னாள். ஹராதா-சான் விமான நிலையத்துக்கு ஓடினார். பனிப்புயலில் விமானம் கிளம்பவில்லை. போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அந்த வாக்கியம்தான் சங்கதி. ஜப்பானிய மொழியில் நீங்களே கண்ணால் பார்த்து ஊகித்துச் சொல்வதற்கு ஒரு வால் உண்டு. பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்வதற்கு வேறொரு வால். இரண்டிலும் "சோ" என்ற ஒலிதான். அதற்கு முன்னால் வருவதுதான் மாறும். வானம் இருட்டியதைப் பார்த்து மழை வரும்போல என்றால் "ஃபுரிசோ". மழை வருமாம் என்று யாரோ சொன்னதைச் சொன்னால் "ஃபுரு சோ". வலிக்காத மாதிரி இருக்கிறது என்றால் "இத்தக்குநாசசோ". வலிக்கவில்லையாம் என்றால் "இத்தக்குநாய் சோ". ஆமாம், நாய்தான். அந்த மொழியில் இல்லை என்று சொல்லும்போதெல்லாம் நம் காதுக்கு ஒரு நாய் வந்து நிற்கும். பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

"நான் கேட்டது நாய்தான் என்று என் காது சொல்கிறது" என்றார் ஹராதா-சான். "ஆனால் அன்று விமான நிலையத்துக்கு ஓடிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் வெளிநாட்டுக்காரி. வால் மாறிப் போயிருக்கலாம். மாறவில்லை என்றால், வலிக்கவில்லை என்று என் அம்மாவே சொல்லியிருக்க வேண்டும். கடைசியில் ஒருமுறை வாய் திறந்து பேசியிருக்க வேண்டும்."

அப்போதே கேட்டிருக்கலாமே என்றேன். அங்கே அப்படிக் கேட்டால் வேலை செய்தவளின் மேல் குறை சொல்வதாக ஆகிவிடுமாம். தயங்கித் தயங்கி நாள் போனது. சுகந்தி ஒப்பந்தம் முடிந்து ஊருக்குத் திரும்பிக் கல்யாணமும் செய்துகொண்டாள். ஜப்பானிய மொழியில் கேட்டால் மறுபடி அதே குழப்பம் வரும். அவளுடைய தாய்மொழியில் கேட்டால் வால் தப்பாது. அதற்குத்தான் நான்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தமிழில் இது தெளிவான விஷயம், கவலையே வேண்டாம் என்றேன். எங்களிடம் "போல" இருக்கிறது, "மாதிரி" இருக்கிறது, கேட்டதைச் சொல்ல "ஆம்" இருக்கிறது. குழந்தை கூட இதில் தப்பு பண்ணாது என்று பெருமையாக அடித்து விட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் சுகந்திக்கு வசதிப்படவில்லை. குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நாள். அவளுக்கு அண்மையில்தான் பெண் குழந்தை பிறந்திருந்தது. அதனால் எங்களுக்கு ஒருநாள் ஊர் சுற்றக் கிடைத்தது.

நான் பார்ப்பதையெல்லாம் நம் ஊரோடு ஒப்பிட்டுக்கொண்டே நடந்தேன். ஏரி ஊட்டி மாதிரி, கடைத்தெரு மதுரை மாதிரி, குளிர் கொடைக்கானல் மாதிரி. "மாதிரி"க்கு ஜப்பானிய மொழியில் "மித்தாய்" என்று ஒரு சொல். மிட்டாய்க்கு அண்ணன் தம்பி போலக் காதில் விழும். நான் ஊட்டி மித்தாய், மதுரை மித்தாய் என்று வாரி இறைத்ததைக் கேட்டு ஹராதா-சான் சிரித்துவிட்டார். அவர்களிடம் "ராஷீ" என்றும் ஒரு சொல் உண்டு. ஒன்று தன் இயல்புக்குப் பொருத்தமாக இருந்தால் அதைச் சொல்வார்கள். கண்டி ஊட்டி மித்தாய் இல்லை, கண்டி ராஷீ என்று திருத்தினார். சரிதான். ஊட்டியில் இவ்வளவு நல்ல பருப்பு வடையை நான் சாப்பிட்டதில்லை.

பெயர்ப்பலகைகளில் தமிழைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்தது. கழிப்பறையை இங்கே "மலசலகூடம்" என்று எழுதியிருந்தார்கள். உள்ளே போக அரைமணி நேரமாவது தமிழ் இலக்கணம் படித்திருக்க வேண்டும் போலத் தோன்றியது.

எங்களை ஏற்றிக்கொண்டு திரிந்தவர் அலவத்துகொடைக்காரரான நிஸ்தார். த்ரீவீலர் வைத்திருந்தார். நம் ஆட்டோதான் அங்கே த்ரீவீலர். சிங்களம், தமிழ், கொஞ்சம் அரபு, சவூதியில் கற்ற ஏதோ ஓர் ஆங்கிலம் எல்லாம் அவருக்குக் கைவசம். மத்தியானம் ஆனதும் ஹோட்டல் வேண்டாம், வீட்டுக்கு வாங்க என்றார்.

"எங்கட தாத்தா சமைச்சா ஊரே வாசம் புடிக்கும். போன வருஷந்தான் கலியாணம் முடிச்ச. புதுசா வீடு எடுத்து ஈக்கி. வாங்க."

ஹராதா-சானிடம் அப்படியே மொழிபெயர்த்தேன். இவருடைய தாத்தா நன்றாகச் சமைப்பாராம், போன வருடம் கல்யாணம் செய்துகொண்டு தனிக்குடித்தனம் போயிருக்கிறாராம். ஹராதா-சான் கண்களை விரித்து, தாத்தாவுக்கு என்ன வயது என்று கேட்டார். நிஸ்தாரிடம் கேட்டேன். முப்பது என்றார். அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் அக்கா என்பது வீட்டு வாசலில் ஒரு பெண் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே வந்து வரவேற்றபோதுதான் தெரிந்தது. சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பாவாம். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மூன்று வீட்டில் மூன்று பேரைக் கூப்பிடுகிறார்கள். என் மொழிபெயர்ப்புத் திறமை அன்றைக்கே ஒரு குட்டு வாங்கியது. வாங்கியும் புத்தி வரவில்லை.

நிஸ்தாரின் தாத்தா சோறும் கோழிக் கறியும் போட்டு, கடைசியில் வட்டலப்பம் வைத்தார். கருப்பட்டியும் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வேகவைத்த இனிப்பு. பார்த்தவுடனே ஹராதா-சான் "ஓய்ஷிசோ" என்றார். பார்க்கவே ருசியாக இருக்கும்போல என்று அர்த்தம். கொஞ்சம் இழுத்து "ஓய்ஷீ சோ" என்றிருந்தால் ருசியாக இருக்குமாம் என்று ஊர் சொன்னதாக ஆகிவிடும். எனக்கு இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் நேரமில்லை, இரண்டாவது துண்டு கேட்டு வாங்கினேன். யாரென்றே தெரியாத எங்களுக்கு அந்தப் பெண் போட்ட சாப்பாட்டை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன்.

சாயங்காலம் தங்கியிருந்த வீட்டில், வீட்டுக்காரச் சிங்கள அம்மா யாரோடோ போனில் பேசிவிட்டு எங்களைப் பார்த்து "வஹினவாலு" என்றார். பக்கத்தில் நின்ற நிஸ்தார் மலைப்பக்கம் மழையாம் என்றார். அந்தக் கடைசி "லு" என்ன என்று கேட்டேன். அது நம் "ஆம்"தான், ஒருவர் சொன்னதைச் சொல்லும்போது சிங்களத்தில் வாலில் போடுவது என்றார். ஹராதா-சானுக்கு அதை விளக்கியதும் அவர் முகம் மலர்ந்தது. சிங்களத்திலும் இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது, எங்களிடமும் இருக்கிறது, இந்த ஊரில் வளர்ந்த பெண்ணுக்கு வால் எப்படி மாறும் என்றார். நாளைக்கு என்ன பதில் வர வேண்டும் என்று அவர் ஆசைப்படுகிறார் என்பது எனக்கு அப்போது நன்றாகவே புரிந்தது. அந்த அம்மா பேசியிருக்க வேண்டுமே என்று நானும் வேண்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மடுல்கெல்லவுக்குக் கிளம்பினோம். வத்தேகமவைத் தொடும்போதே த்ரீவீலர் முனகியது. சந்தைக்கு முன்னால் வந்ததும் க்ளட்ச் கேபிள் அறுந்து நின்றுவிட்டது. நிஸ்தார் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, மத்தியானம் ஆகிவிடும், நீங்கள் பஸ்ஸில் போங்கள், திரும்பும்போது நான் அங்கே வந்துவிடுகிறேன் என்றார். அவருக்கு ஒரே வெட்கம். வெளிநாட்டு அம்மாவை நடுரோட்டில் இறக்கிவிட்டோமே என்று தன் சொந்தச் செலவில் எங்களுக்குப் பிளேன்டீயும், மீன் அடைத்த பன்னான மீன் பணிஸும் வாங்கிக் கொடுத்தார். பால் விடாத அந்தத் தேநீரை இஞ்சியோடும் கருப்பட்டித் துண்டோடும் குடித்த பிறகு, சென்னையில் நான் குடிப்பதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. மூட்டைகள், வாழைக்குலை, ஒரு கோழிக்கூடை. தோட்டத்துப் பெண் ஒருத்தி எழுந்து ஹராதா-சானுக்கு இடம் கொடுத்துவிட்டு, எங்கே போகிறோம் என்று என்னை விசாரித்தாள். சுகந்தி வீடு என்றதும் ஜப்பான் சுகந்தியா என்றாள். அவ்வளவுதான், சேதி பஸ் முழுக்கப் பரவிவிட்டது. நடத்துநர் சரியான திருப்பத்தில் நிறுத்தி, எந்தப் படிக்கட்டில் ஏற வேண்டும் என்று கை காட்டினார். மழை பெய்து ஓய்ந்திருந்தது. தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து வறுத்த இலை வாசம் மலை முழுக்க நின்றது. ஹராதா-சான் அந்தப் படிகளை என்னை விட வேகமாக ஏறினார்.

சுகந்தி வாசலிலேயே நின்றிருந்தாள். முப்பதை எட்டாத வயது, நைட்டிக்கு மேல் ஸ்வெட்டர், தலையில் பிரசவித்த பெண்கள் கட்டும் துணி. ஹராதா-சானைப் பார்த்ததும் ஜப்பானியர் மாதிரி இடுப்பை வளைத்துக் குனிந்தாள். நிமிர முடியாமல் அப்படியே அழுதாள். இவர் போய்த் தோளைப் பிடித்து நிமிர்த்தினார். உள்ளேயிருந்து அவளுடைய அக்கா மலர் வந்து, கதிரைகளை இழுத்துப் போட்டு எங்களை உட்காரச் சொன்னாள். சுகந்தியின் கணவர் கொழும்பில் வேலை செய்கிறார். பிரசவத்துக்கு அக்காள்தான் துணை. எங்களுக்காக அன்று கொழுந்து பறிக்கப் போகாமல் லீவு போட்டிருந்தாள்.

ஊர்க்கதை, உடம்பு நலம் எல்லாம் முடிந்தது. ஹராதா-சான் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் தொழிற்சாலையில் தப்பு நடந்த இடத்தைத் தேடுகிற மாதிரி நிதானமாகக் கேட்டேன்.

"சுகந்தி, அன்னைக்குப் போன்ல அவங்க அம்மாவோட வலியைப் பத்தி ஒண்ணு சொன்னீங்களாம். ஜப்பான் பேச்சுல வேண்டாம். அதையே நம்ம பேச்சுல சொல்லுங்க."

"எங்கயும் வலிக்கலையாம்னு சொன்னேன் மேடம்."

"வலிக்காத மாதிரி இருக்குன்னு சொல்லலையே?"

"இல்லங்க. வலிக்கலையாம்னுதான் சொன்னேன்."

இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? நான் திரும்பி, ஹராதா-சான், உங்கள் காது சரி, நாய்தான், வலிக்கவில்லையென்று அம்மா சொன்னதைத்தான் இவள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள் என்று மொழிபெயர்த்தேன்.

அவர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு சுகந்திக்கு நன்றி சொன்னார், எனக்குச் சொன்னார், ஒன்றும் புரியாமல் அடுப்படி வாசலில் நின்ற மலருக்கும் சொன்னார். அம்மா பேசினாள், பேசிவிட்டுத்தான் போனாள் என்று இரண்டு முறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. போல்ட்டுக்கும் பெயிண்ட்டுக்கும் பேசிய வாய்க்கு இப்படி ஒரு வேலை கிடைத்ததே என்று கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

மலர் சோறு போட்டாள். பருப்பு, கருவாட்டுக் குழம்பு, கோவாச் சுண்டல் என்று அங்கே சொல்லும் முட்டைக்கோஸ் பொரியல், பொரித்த மிளகாய். ஹராதா-சான் ஸ்பூனை ஒதுக்கிவிட்டுக் கையாலேயே சாப்பிட்டார். வந்த நாளிலிருந்து கோழி மாதிரிக் கொறித்தவர், பருப்பு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தட்டை நீட்டினார்.

அப்போது பாயில் கிடந்த குழந்தை சிணுங்கியது. சுகந்தி குனிந்து அதைத் தூக்கி, அடுப்படிப் பக்கம் பார்த்துச் சொன்னாள்.

"அக்கா, பாப்பாவத் தூக்கி வச்சுக்கணுமாம். படுத்தே கெடந்து முதுகு வலிக்குதாம்."

"வலிக்கத்தானே செய்யும்" என்றாள் மலர்.

நான் சிரித்துக்கொண்டே சோற்றை உருட்டினேன். உருட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

தமிழ் பேசும் எந்த வீட்டில்தான் இப்படிச் சொல்வதில்லை? பேசத் தெரியாத பிள்ளைக்குப் பசிக்குதாம். வாசலில் வந்து நிற்கும் பூனைக்குப் பால் வேணுமாம். என் தங்கை மகன் பிறந்தபோது அவனுக்குச் சித்தப்பாவின் மீசை பிடிக்கலையாம் என்று நானே சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறேன். வாய் பேசாததன் சார்பில் நாம் சொல்கிற "ஆம்" அது. அதில் கேட்டதும் இல்லை, சொன்னதும் இல்லை. உலகத்தில் இருக்கிற எந்த ஜப்பானிய இலக்கணப் புத்தகத்திலும் "சோ"வுக்கு அப்படி ஒரு பொருள் கிடையாது. ஏரிக்கரையில் நான் அடித்த பெருமை நினைவுக்கு வந்தது.

மெதுவாகக் கேட்டேன். "சுகந்தி, அந்தப் பெரியம்மா வாயத் தொறந்து சொன்னாங்களா, வலிக்கலைன்னு?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "அவங்களுக்குத்தான் பேச்சே இல்லையே மேடம்."

எதிரே ஹராதா-சான் பருப்பை ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொல்லாமல் விட்டால் என்ன? நாளைக் காலை கண்டியிலிருந்து கிளம்பிவிடுவோம். அம்மா பேசினாள் என்ற நம்பிக்கையோடு மிச்ச வாழ்நாளைக் கழிப்பார். தொழிற்சாலையில் நான் எத்தனை வார்த்தைகளுக்குச் சர்க்கரை தடவி அந்தப் பக்கம் அனுப்பியிருக்கிறேன். யாரும் செத்துப் போகவில்லையே. ஆனால் இவர் சர்க்கரைக்கு ஆசைப்பட்டு வரவில்லை. உண்மை என்ன என்று கேட்கத்தான் தயங்கித் தயங்கி இத்தனை தூரம் வந்தார். பொய்யான பதிலை நான் கொடுத்து, அதை அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவர் கை கழுவும் வரை காத்திருந்தேன்.

பின்பக்கம் தண்ணீர்க் குழாயடியில் வைத்துச் சொன்னேன். நான் தப்பாக மொழிபெயர்த்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். எங்கள் "ஆம்" எப்படி இன்னொரு வேலையும் செய்யும் என்று குழந்தையைக் காட்டி விளக்கினேன். அம்மா பேசவில்லை என்று கடைசியில் சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு எந்த மரியாதை மொழியும் கைகொடுக்கவில்லை.

அவர் ஈரக் கையைத் துடைக்காமல் நின்றார். அழவில்லை. அப்படியானால் இந்தப் பெண் அதை யாரிடமிருந்து கேட்டாள் என்று மட்டும் கேட்டார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்ற சுகந்தியிடம் அதைத் தமிழில் சொன்னேன். அவளுக்கு விஷயம் புரிந்து முகம் வெளுத்துவிட்டது.

"யாரும் சொல்லலைங்க. ஆனா நான் சும்மாவும் சொல்லல. பொரட்டிப் படுக்க வைக்கையில வலிச்சா, பெரியம்மா இடது கையால கட்டில் கம்பிய இறுக்கிப் புடிப்பாங்க. அன்னைக்குக் கை விரிஞ்சே கெடந்துச்சு. என் வெரல வச்சுப் பாத்தேன். இறுக்கல. நெத்தியில ஒரு சுருக்கம் இல்ல. அவங்களே சொன்ன மாதிரி இருந்துச்சு எனக்கு. அதான் அப்பிடிச் சொன்னேன்."

அதை அப்படியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஹராதா-சானிடம் சேர்த்தேன். சுகந்தி நிறுத்தவில்லை. அந்த இல்லத்தில் எல்லோரும் இதற்காகத் தன்னைத் திருத்துவார்கள் என்றாள். பேச முடியாதவரிடம் நீ எப்படிக் கேட்டாய், "நாசசோ" என்று சொல் என்பார்களாம். பரீட்சையில் சரியாகத்தான் எழுதுவாளாம். பெரியம்மா பக்கத்தில் போனதும் வாயில் வருவது "நாய் சோ"தானாம். பெரியம்மாவுக்கு ஜன்னலைத் திறக்கணுமாம், இந்த சூப் பிடிக்கலையாம், ரேடியோவைக் கூட்டி வைக்கணுமாம் என்று வேலை நேரம் முழுக்க அவருக்காகப் பேசிக்கொண்டே இருப்பாளாம்.

வேறு என்னவெல்லாம் அம்மா சொன்னாள் என்று ஹராதா-சான் கேட்டார். இந்த முறை என்னைப் பார்க்கவில்லை. சுகந்தியிடம் நேராகத் தன் மொழியிலேயே கேட்டார். அவளும் துருப்பிடித்த ஜப்பானிய மொழியில், இடையிடையே தமிழைப் போட்டுக்கொண்டு பதில் சொன்னாள். நீங்கள் வருகிற நாள் என்று காலையில் சொன்னதும் பெரியம்மா சீப்பு இருக்கிற பக்கம் தலையைத் திருப்புவார்கள். "தலைவாரி விடணுமாம், மக வருதாம்" என்று சொல்லிக்கொண்டே சீவி விடுவேன் என்றாள்.

ஹராதா-சான் குழாய்த் திட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். நான் போகும்போதெல்லாம் அம்மாவின் தலை அழகாக வகிடெடுத்து வாரியிருக்கும், அது அந்த இல்லத்தின் ஒழுங்கு என்று நினைத்திருந்தேன் என்றார். இப்போதுதான் அழுதார். முன்னால் அழுதது போல முகத்தை மூடிக்கொள்ளவில்லை.

"அம்மாவால் இனி ஒன்றும் சொல்ல முடியாது என்று நான் மாதம் ஒருமுறை வந்து பக்கத்தில் மௌனமாக உட்கார்ந்துவிட்டுப் போவேன்" என்றார் என்னிடம். "இவளிடம் தினமும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் போலிருக்கிறது."

மன்னித்துக்கொள்ளுங்கள், தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சுகந்தி மறுபடி இடுப்பை வளைத்தாள். ஹராதா-சான் எழுந்து அவளைத் தடுத்தார். இரண்டு கையையும் நீட்டிக் குழந்தையைக் கேட்டார்.

உள்ளே கதிரையில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அது அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்தது. பிறகு முகத்தை அவர் மார்பில் தேய்த்தது, கொட்டாவி விட்டது, கண்ணிமை பாதி இறங்கியது. பார்த்தவர் ஊகித்துச் சொல்ல வேண்டிய இடம் இது. "நெமுசோ", தூக்கம் வருகிற மாதிரி இருக்கிறது என்பதுதான் சரியான ஜப்பானிய மொழி. வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சுருதி திருத்தியவருக்கு அது தெரியாதா? சுகந்தியை நிமிர்ந்து பார்த்து ஒவ்வொரு அசையாக, நிதானமாகச் சொன்னார்.

"நெமூய் சோ தெஸ்."

சுகந்தி உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். அடுப்படியிலிருந்து மலர், அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டாள்.

"பாப்பாவுக்குத் தூக்கம் வருதாம்" என்றேன்.

மலர் கையில் இருந்த பாத்திரத்தை விட்டு நிமிரக்கூட இல்லை. "அப்பன்னா கொண்டாந்து போடச் சொல்லுங்க. தொட்டில் கட்டித்தான் இருக்கு" என்றாள்.